ஆடியில் எலும்புத்தூள், மார்கழியில் திருகு

இடது மேல்வாயில் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அந்த இடத்துக்குக் கம்பி வைத்த கழற்றி மாட்டும் பல் ஒன்று செய்து போட்டுக்கொண்டேன். போன வருஷம் மாசியில் ஆடுதுறையில் ஒரு கல்யாணத்துக்கு நாயனம் வாசிக்கப் போயிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார், ஐயர் விரலை ஆட்டிவிட்டார், தவில் இரண்டும் கெட்டிமேளத்தில் இடி மாதிரி இறங்குகிறது. நான் மேல் ஸட்ஜத்தைப் பிடித்து ஊதுகிற நேரம் பார்த்து அந்தக் கம்பி நழுவி, பல் செட்டு நாக்குக்கும், வாயில் வைத்து ஊதுகிற நுனியான சீவாளிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. நாக்கால் கன்னத்து ஓரம் ஒதுக்கிவைத்துக்கொண்டு மூணு முடிச்சும் விழுகிறவரை ஊதித் தீர்த்தேன். தவில்கார அண்ணன் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். "என்ன தம்பி, புதுசா ஒரு பிருகா விழுந்துது?" என்று பந்தியில் கேட்டார்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் மாட்டுவது. ஆனால் நான் எழுத வந்தது இம்ப்ளாண்டைப் பற்றி இல்லை. அதற்கு முன்னால் மேல்தாடையில் எலும்பு வைத்தார்களே, அதைப் பற்றி. இணையத்தில் தேடினால் "வலியில்லை, ஒரே நாள், புன்னகை" என்றுதான் வருகிறது. நாயனம் ஊதுகிறவனுக்கு இது என்ன செய்யும் என்று ஒருத்தரும் எழுதவில்லை. கிளினிக் பேரை நான் போடப்போவதில்லை. நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன். பேர் போட்டால் விளம்பரம் என்பார்கள், இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

முதலில் போனது வேறு ஓர் இடம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் பல் தெரியச் சிரிக்கிற வெள்ளைக்காரப் பெண். முழு வாய்க்கும் சேர்த்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள், ஓபிஜி என்று பேர். அதைப் பத்து விநாடி பார்த்துவிட்டு, "ரெண்டு இம்ப்ளாண்ட், இன்னைக்கே போட்டுடலாம், இ.எம்.ஐ. இருக்கு" என்றார்கள். என்ன தொழில் என்று கேட்கவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு தாளில் டிக் போடச் சொன்னதோடு சரி. நான் அவசரப்பட்டு ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துத் தொலைத்தேன். அது இன்றுவரை திரும்பி வரவில்லை.

சின்னப் பெண் பி.பார்ம் படிக்கிறாள். அவள்தான், "அப்பா, ஸ்கேன் எடுக்காம மேல்வாயில திருகு போடக் கூடாதுப்பா" என்று பிடித்து நிறுத்தினாள். கும்பகோணத்திலேயே வேறொரு கிளினிக்குக் கூட்டிப்போனாள். மாடியில் இரண்டு அறை, மரப் பெஞ்சு, மின்விசிறி. டாக்டரம்மா நாற்பது வயசு இருக்கும். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னாலேயே, "என்ன வேலை பாக்குறீங்க ஐயா?" என்று கேட்டார். "நாயனம்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப கொஞ்சம் நிதானமாப் பேசணும்" என்றார். நான் கொடுக்கப்போகிற மதிப்பெண்ணில் பாதி அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

தஞ்சாவூர் ஸ்கேன் சென்டரில் சிபிசிடி எடுத்துவரச் சொன்னார். தாடையை மெல்லிசாக வாழைக்காய் சீவுகிற மாதிரி சீவிக் காட்டுகிற ஸ்கேன் அது, மூவாயிரம் ரூபாய். கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கோடு இழுத்தார். பல் இருந்த இடத்தில் எலும்பின் உயரம் 3.2 மில்லிமீட்டர். அதற்கு மேலே கறுப்பாக ஒரு வெற்றிடம். அவர் போட நினைத்த திருகோ 10 மில்லிமீட்டர் நீளம். முதல் கடைக்காரர்கள் அன்றைக்கே போட்டிருந்தால் திருகு எலும்பைத் தாண்டி அந்த வெற்றிடத்தில் போய் எட்டிப் பார்த்திருக்கும்.

அந்த வெற்றிடம் சைனஸ். கன்னத்துக்குப் பின்னால் மேல்தாடை எலும்புக்குள்ளே, கடைவாய்ப் பற்களுக்கு மேலே, மூக்கோடு சேர்ந்த ஒரு காற்றறை, ஆளுக்கு இரண்டு. கடைவாய்ப் பல் இருக்கிறவரை அதன் வேர்கள் அந்த அறையின் தரையைத் தாங்கிக்கொண்டிருக்கும். பல் போனதும் இரண்டு பக்கத்திலிருந்தும் நஷ்டம். கீழேயிருந்து, மெல்லுகிற வேலை இல்லாத எலும்பு வருஷா வருஷம் கரைகிறது. மேலேயிருந்து, அந்தக் காற்றறை தன் தரையைத் தாழ்த்திக்கொண்டே வருகிறது. பன்னிரண்டு வருஷம் சும்மா விட்டதற்கு வட்டி இது. பிடுங்கின மறுவருஷமே வந்திருந்தால் எலும்பு வைக்கிற வேலையே இல்லாமல் போயிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை, சொன்னார்.

வழி என்ன? சைனஸுக்குள் ஒரு மெல்லிய சவ்வு படர்ந்திருக்கிறது. வேகவைத்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு தோல் வருமே, அது மாதிரி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஈறைத் திறந்து, பக்கவாட்டு எலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, அந்தச் சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, கீழே உண்டாகிற பைக்குள் எலும்புத்தூளை நிரப்பித் தைத்துவிடுவது. சைனஸ் லிஃப்ட் என்பது இதுதான். ஆறு மாசத்தில் நம் உடம்பே அந்தத் தூளைப் பிடிமானமாக வைத்துச் சொந்த எலும்பை வளர்த்துக்கொள்ளும். அப்புறம்தான் திருகு. அஞ்சாறு மில்லிமீட்டராவது எலும்பு மிச்சம் இருக்கிறவர்களுக்குப் திருகுக்குப் போடுகிற துளை வழியாகவே தட்டித் தூக்கி அன்றைக்கே திருகும் போட்டுவிடலாமாம். எனக்கு 3.2. அந்தக் கொடுப்பினை இல்லை.

இம்ப்ளாண்ட் வந்த கதையைப் பெண் சொன்னாள். ஸ்வீடனில் பிரானெமார்க் என்கிற டாக்டர் 1952-ல் முயல் காலில் டைட்டானியக் குழாய் ஒன்றைப் பதித்து எதையோ ஆராய்ந்திருக்கிறார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு பிடித்துக்கொண்டுவிட்டது. 1965-ல் முதல் மனுஷனுக்குப் பல்லாகப் போட்டார். சைனஸில் எலும்பு வைப்பது பத்திரிகையில் வந்தது 1980-ல். அமெரிக்காவில் பாய்ன், ஜேம்ஸ் என்று இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்தது முயல் கதைதான். நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடைகிற ஆசாரிகள் ஆச்சா மரத்தைப் பற்றி இதே மாதிரி ஏதாவது சொல்வார்கள்: நாம ஒண்ணு நினைச்சா மரம் ஒண்ணு நினைக்கும் என்று.

சர்க்கரை பார்த்தார்கள். மூணு மாசச் சராசரி 8.1. "இதோட கத்தி வைக்க மாட்டேன். ஏழுக்குக் கீழ கொண்டுவாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொன்று வெற்றிலை. வெற்றிலை, சீவல், கூடவே ஒரு துணுக்குப் புகையிலை: நாயனக்காரன் வாயில் அது இல்லாமல் ஆலாபனை ஆரம்பிக்காது. புகையிலை இருந்தால் வைத்த எலும்பு ஒட்டாது, காயமும் ஆறாது என்றார். நிறுத்தின முதல் இரண்டு வாரம் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பேசினால் கடித்தேன், இருக்கிற பல்லால். ஆனியில் 6.9 வந்தது.

நாள் குறித்த கணக்கைச் சொல்கிறேன், என் மாதிரித் தொழில்காரர்களுக்கு உபயோகப்படும். எலும்பு வைத்தபின் ஆறு வாரம் நாயனம் கூடவே கூடாது என்றார். மூக்குச் சிந்துவதே கூடாது என்கிறபோது, கன்னம் புடைக்க மணிக்கணக்கில் ஊதினால் அந்தக் காற்று மூக்கு வழியாகச் சைனஸுக்குள் போய்ச் சவ்வைப் பிய்த்துவிடும், தூள் இடம் நகரும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் உற்சவம் உண்டு. அதை மாணவனிடம் விட்டுவிட்டு ஆடி முதல் வாரத்தில் நாள் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து ஆறு மாசம் எண்ணினால் மார்கழிக் கடைசி, அதிலும் கல்யாணம் இல்லை. பஞ்சாங்கத்தைக் காட்டி விளக்கினதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இதை நோட்ஸ்ல எழுதிக்கிறேன் ஐயா" என்றார்.

இனி குறை. ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் கையெழுத்துப் போட ஐந்து பக்கத் தாள் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். வரவேற்பில் இருந்த பெண், "எல்லாரும் போடுறதுதான் சார்" என்றாள். என் பெண் வாங்கிப் படித்தாள். மூணாம் பக்கத்தில் விரல் நின்றது. "செனோகிராஃப்ட் பொவைன்னு போட்டிருக்கு. அப்பா, இது மாட்டெலும்பு."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. நான் சைவம். கார்த்திகைக்குக் கார்த்திகை சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நின்று ஊதுகிறவன். அடுத்தவர் சாப்பாட்டில் மூக்கை நுழைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் என் மண்டைக்குள் என்ன வைக்கிறார்கள் என்பதை, அதுவும் ஆயுசு முழுக்க இருக்கப்போவதை, நான் தெரிந்துகொள்ள வேண்டாமா? தமிழில் ஒரு வரி, "இது பசுவின் எலும்பிலிருந்து செய்தது, சம்மதமா?" என்று எழுத எத்தனை மை செலவாகும்?

நேரே போய்க் கேட்டேன். டாக்டரம்மா மழுப்பவில்லை. "என் தப்புதான், முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று உட்காரவைத்துச் சொன்னார். நாலு வகை உண்டு. நம் தாடையிலிருந்தே எடுக்கிற எலும்பு. அதற்கு இன்னோர் இடத்தில் வெட்ட வேண்டும். இறந்தவர் தானம் செய்த எலும்பைப் பதப்படுத்தினது. மாட்டெலும்பிலிருந்து புரதத்தையெல்லாம் நீக்கி வெறும் தாதுவாக ஆக்கின துகள். நிறைய டாக்டர்கள் போடுவது இதுதான், ரொம்ப வருஷ அனுபவம் உள்ளது, மெதுவாகத்தான் கரையும். கடைசியாக, செயற்கையாகச் செய்த கால்சியம் பாஸ்பேட். அதிலும் சீக்கிரம் கரைகிற ரகம் ஒன்று, நின்று தாங்குகிற ரகம் ஒன்று, இரண்டையும் கலந்தும் வருகிறது. "மாட்டெலும்புதான் எனக்குப் பழக்கம். ஆனா உங்க மனசு ஒப்பலைன்னா கலப்பு செயற்கைத் தூள் போடலாம், அதுவும் நல்லாவே வேலை செய்யும்" என்றார். ஜன்னலை மூடுகிற கொலாஜன் தாளும் பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவதுதான் என்பதை நான் கேட்காமலே சொன்னார். அதற்குப் பதில் என் ரத்தத்திலிருந்தே எடுக்கிற சவ்வை வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். மாட்டெலும்பு போட்டவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியிருந்தது கேள்வி ஒன்றுதான், அது முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் அன்று காலை பத்து மணி. இந்த வேலையைச் செய்ய வாய், தாடை அறுவை நிபுணர் ஒருவர் திருச்சியிலிருந்து சனிக்கிழமைகளில் வருவார். வந்தது பதினொன்றே கால். மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போகிற ஊசி மட்டும். முதலில் கையில் நாலு குழாய் ரத்தம் எடுத்து மிஷினில் சுற்றவிட்டார்கள். வெளியே வந்தபோது குழாய் நடுவில் மஞ்சளாக, பதநீர்க் காலத்து நுங்கு மாதிரி ஒரு கட்டி. அதைத் தட்டையாக அழுத்தினால் சவ்வு. பி.ஆர்.எஃப். என்கிறார்கள்.

எலும்பை வெட்டுகிற கருவி ட்ரில் இல்லை, பீசோ என்று ஒன்று. அதிர்வில் வெட்டுவது, எலும்பை வெட்டும், மெல்லிய சவ்வைச் சட்டென்று கிழிக்காதாம். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே ஒரு கீச்சுச் சத்தம். கட்டிலில் படுத்துக்கொண்டு அதற்குச் சுருதி தேடினேன். கிடைக்கவில்லை. வலி என்று சொல்ல மாட்டேன். அழுத்தம் தெரியும், தலைக்குள் யாரோ பரணில் சாமான் நகர்த்துகிற மாதிரி.

நடுவில் ஒரு கட்டம். எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். "மூக்கால மெதுவா மூச்சு இழுங்க ஐயா… விடுங்க… இன்னொரு தடவை" என்றார் நிபுணர். அப்புறம், "நல்லா ஏறி இறங்குது, கிழியல" என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். ஜன்னல் வழியே அந்தச் சவ்வு என் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கினால் முழுசாக இருக்கிறது என்று அர்த்தமாம். பிற்பாடு போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். பத்து வயசிலிருந்து மூச்சை வைத்துப் பிழைக்கிறேன். அது உள்ளே எங்கெங்கே போய் வருகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மனைவி "உவ்வே" என்று எழுந்து போய்விட்டாள். இந்தச் சவ்வு கிழிவதுதான் இந்த ஆபரேஷனில் அடிக்கடி நடக்கிற சங்கடம். சின்னக் கிழிசல் என்றால் ஒட்டுப் போட்டுத் தொடரலாம், பெரிசென்றால் மூடிவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். தையல் முடிய ஒன்றரை மணி நேரம்.

அன்றிரவு இடது மூக்கில் லேசாக ரத்தம் வந்தது. பயந்து போய் போன் செய்தோம். எடுத்தது உதவிப் பெண். நிபுணர் அதற்குள் திருச்சி போய்ச் சேர்ந்திருந்தார். கொஞ்சம் வருவது சகஜம், தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா அரை மணி கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார். சொன்னது சரிதான். ஆனால் அந்த அரை மணி எங்களுக்கு ஒரு ராத்திரி. வெளியூரிலிருந்து வந்துபோகிற நிபுணர் என்றால், ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே கேட்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாம் நாள் முகம் ஒரு பக்கம் இட்லிப் பானை. கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்து, மஞ்சளாகி, தாடைவரை இறங்கி மறைய பத்து நாள் ஆனது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கைப் பிடிக்கவே கூடாது. எங்கள் வீட்டில் தும்மல் வருவது சமையலறையிலிருந்துதான். இரண்டு வாரம் மிளகாய் தாளிப்பதற்குத் தடை. பருப்புத் துவையலும் ரசமும் தாளிதம் இல்லாமல் வந்தன. அந்தத் தண்டனையை ஆபரேஷன் செலவில் சேர்க்க வேண்டும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். ஆன்டிபயாடிக், மூக்குச் சொட்டு மருந்து, வாய் கொப்பளிக்கிற மருந்து எல்லாம் நேரம் தவறாமல். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். வலி மாத்திரை நாலு நாளுக்கு மேல் தேவைப்படவில்லை.

கஷ்டம் வலியில் இல்லை, சும்மா இருப்பதில் இருந்தது. ஆறு வாரம் ஆடியைத் தாண்டி ஆவணிக்குள் வந்துவிட்டது. ஆவணியில் மூணு முகூர்த்தம் கை நழுவின. மாணவன் ஊத, நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டேன். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுத் தாத்தா, "ஏன், இவருக்கு வாய் போயிடுச்சா?" என்று காதில் விழும்படியே கேட்டார். ஏழாம் வாரம் வெறும் சீவாளியை மட்டும் வாயில் வைத்துப் பத்து நிமிஷம். அப்புறம் கீழ் ஸ்தாயியில் அரை மணி. மூக்கு அடைப்பு, கன்னத்தில் கனம் எதுவும் இல்லை என்று பார்த்துப் பார்த்து ஏற்றினேன். முழுக் கச்சேரிக்குப் புரட்டாசி ஆகிவிட்டது.

மார்கழி இருபதுக்கு மேல் மறுபடி ஸ்கேன். 3.2 இருந்த இடத்தில் 11.6. வெள்ளையாகத் திரண்டு நின்றது. அடுத்த சனிக்கிழமை இரண்டு திருகு இறக்கினார்கள். முதல் ஆபரேஷனைப் பார்த்தவனுக்கு இது முகச் சவரம். இரண்டு வாரம் ஊதக் கூடாது என்றதில் தை முதல் முகூர்த்தம் ஒன்று போனது. சித்திரையில் திருகுக்கு மேலே பல் மாட்டினார்கள். உயரம் கொஞ்சம் கூடிப்போய் இரண்டு தடவை போய்த் தேய்த்துக்கொண்டு வந்தேன். லேபுக்கு அளவு எடுக்கும்போதே கவனித்திருக்கலாம்.

கணக்கு: எலும்பு வைத்தது 38,000. திருகு ஒன்று 26,000 வீதம் இரண்டுக்கு 52,000. மேல் பல் இரண்டும் 16,000. ஸ்கேன் இரண்டு தடவை 6,000. மருந்து 2,000 சொச்சம். ஆக 1,14,000 ரூபாய். விட்ட முகூர்த்தம் நாலு, முதல் கடையில் கொட்டின ஐயாயிரம் தனி. பில்லை ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தார்கள், பிரித்து எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். திருகின் ஸ்டிக்கர் ஒட்டின அட்டை ஒன்று உண்டு, கம்பெனி பேர், அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். கேட்டால்தான் தருகிறார்கள். கேளுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊர் டாக்டரிடம் போனால் அதுதான் ஜாதகம்.

ஐந்துக்கு மூணரை கொடுக்கிறேன். கைவேலைக்கும் அந்த முதல் கேள்விக்கும் நாலரை தாராளமாகத் தரலாம். இங்கிலீஷ் தாளுக்காக ஒன்று குறைத்தேன். மேல் பல் மாட்டப் போன அன்றும் அதே ஐந்து பக்கம்தான் கவுண்டரில் அடுக்கியிருந்தது.

கன்னத்துக்குப் பின்னால் இப்போது பல் தாங்குகிறது. இடது பக்கம் கன்னம் குழியாமல் காற்று நிற்பது வாசிக்கிற எனக்குத் தெரிகிறது, தவில்கார அண்ணனுக்குத் தெரியவில்லை. அவருக்கும் மேல்வாயில் ஒன்று ஆடுகிறது. "நானும் போடலாமா தம்பி?" என்கிறார். தவில் அடிக்க மூச்சு வேண்டாம், உங்களுக்கு எந்த மாசமும் ஆகும் என்றேன். புகையிலையை விடணும் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.

போன வாரம் கிருஷ்ண ஜெயந்தி. முறுக்கு, தட்டை இரண்டையும் இடது பக்கம் போட்டு மென்றேன். சீடையை மட்டும் டாக்டரம்மா வேண்டாம் என்றிருக்கிறார். அது இன்னும் வலது பக்கம்தான்.